பூனையின் பழைய கண் காயமும் பின்னாளில் வளரும் கட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டையிலோ விபத்திலோ கண்ணில் அடிபட்டுப் பார்வை போய், கண் சுருங்கி, "வலி இல்லையே, அப்படியே இருக்கட்டும்" என்று விடப்பட்ட பூனைகள் நிறைய. அவற்றில் சிலவற்றுக்கு ஆண்டுகள் கழித்து அதே கண்ணுக்குள் ஒரு கொடிய கட்டி வளர்கிறது. கால்நடை மருத்துவர்கள் இதைக் காயத்துக்குப் பிந்தைய கண் சார்க்கோமா என்கிறார்கள். இப்படி ஒரு நோய் இருப்பதே பூனை வளர்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற நிலையில்தான் பெரும்பாலான பூனைகள் மருத்துவரிடம் வந்து சேர்கின்றன.

இது அரிதான நோய்தானே? இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

மொத்தப் பூனைகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் அரிதுதான். ஆனால் பூனையின் கண்ணுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளை வரிசைப்படுத்தினால், ஐரிஸில் (கண்ணின் நிறப்பகுதி) பரவும் மெலனோமா என்ற நிறமிப் புற்றுக்கு அடுத்த இடங்களில் இது வந்துவிடுகிறது. உங்கள் பூனைக்கு ஏற்கெனவே ஆழமான கண் காயம் பட்டிருந்தால், நாட்டில் எத்தனை பூனைக்கு வருகிறது என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. இந்தக் கட்டி வளரும் இடமே அப்படிப்பட்ட கண்தான்.

காயம் பட்டு எவ்வளவு காலம் கழித்து வரும்?

சில மாதங்களிலும் வரலாம், 10 ஆண்டு கழித்தும் வரலாம். சராசரி இடைவெளி 5 ஆண்டை ஒட்டி இருக்கிறது. கட்டி கண்டுபிடிக்கப்படும்போது பூனைகளுக்குப் பெரும்பாலும் 7 முதல் 15 வயது. இரண்டு வயதில் பட்ட அடி வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்; எட்டு வயதில் கண் வீங்கும்போது அந்த அடியை யாரும் சொல்வதில்லை. தத்தெடுத்த பூனை, தெருவிலிருந்து எடுத்துவந்த பூனை என்றால் காயத்தின் கதையே தெரியாது. சுருங்கிய, வெளுத்த கண்ணோடு வந்த பூனைக்கு அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண் பூனைகளில் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது. சண்டைக்குப் போவதும் நகக்கீறல் வாங்குவதும் அவைதான் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம்.

ஆறிப்போன காயம் எப்படிப் புற்றாக மாறுகிறது?

விடை கண்ணின் லென்ஸில் இருக்கிறது. லென்ஸ் ஒரு மெல்லிய, ஒளி ஊடுருவும் உறைக்குள் மூடப்பட்டிருக்கும். அந்த உறையின் முன்பக்கத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பூனையின் வாழ்நாள் முழுவதும் அவை மெல்லப் பெருகிப் புதிய லென்ஸ் இழைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உறை முழுமையாக இருக்கும்வரை அவை வெளியே வர வழியில்லை.

நகமோ முள்ளோ கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவைத் துளைத்து லென்ஸ் உறையையும் கிழித்துவிட்டால் அந்த உயிரணுக்கள் கண்ணுக்குள் சிதறுகின்றன. லென்ஸின் புரதம் கசிந்து உள்ளே அழற்சியும் உண்டாகிறது. வெளியே வந்த உயிரணுக்கள் தம் பழைய வடிவத்தை விட்டு, தழும்புத் திசுவில் இருப்பவை போல நீண்ட கதிர் வடிவம் எடுத்துக்கொள்கின்றன. தம்மைச் சுற்றி உறைப்பொருளையும் சுரந்துகொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் அடங்காத அழற்சிக்கு நடுவே பெருகிக்கொண்டிருக்கும் இவற்றில் ஒரு கூட்டம் ஒரு கட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது.

அடிபட்ட பூனைக் கண்களில் சார்க்கோமா வருவதை 1984ல் மூன்று பூனைகளைக் கொண்டு விவரித்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கண் நோய்க்குறியியலாளர் ரிச்சர்ட் டுபீல்சிக். கட்டி லென்ஸ் உயிரணுக்களிலிருந்து கிளம்பக்கூடும் என்பதற்கான சான்றுகள் 2003ல் வெளியாயின. கட்டித் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்து சுருண்ட லென்ஸ் உறைத் துண்டுகள் பல நேரம் நடுவிலேயே கிடக்கும்.

நாட்பட்ட அழற்சிக்குப் பூனையின் உடல் சார்க்கோமாவால் பதில் சொல்வது கண்ணில் மட்டும் நடப்பதில்லை. ஊசி போட்ட இடத்தில் சில பூனைகளுக்கு வரும் சார்க்கோமாவும் இதே வகையைச் சேர்ந்த பிரச்சினை.

இது வைரஸால் வருகிறதா? வீட்டில் மற்ற பூனைக்குத் தொற்றுமா?

தொற்றாது. பூனை லுக்கேமியா வைரஸும் பூனை சார்க்கோமா வைரஸும் இந்தக் கட்டிகளுக்குள் இருக்கின்றனவா என்று தேடிய ஆய்வில் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனாலும் அறுவைக்கு முன் லுக்கேமியா, எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸ்) பரிசோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. மயக்க மருந்தின் ஆபத்தையும் காயம் ஆறும் வேகத்தையும் கணிக்க அவை தேவை.

எந்தெந்தக் கண்களுக்கு ஆபத்து அதிகம்?

முதலிடம் லென்ஸ் உடைந்த கண்ணுக்கு. துளைத்த காயம், பலமான மோதலில் உள்ளே கிழிந்த கண், ஆண்டுக்கணக்கில் யுவியைட்டிஸ் என்ற கண்ணின் உட்படல அழற்சியில் கிடந்த கண், உள்ளே அறுவை செய்யப்பட்ட கண் ஆகிய எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. பார்வை போய்ச் சுருங்கிக் குழிக்குள் போன கண் இவற்றின் கடைசி நிலை.

கார்னியாவின் மேல் மட்டும் பட்டு, சாயச் சோதனையில் சிறு கீறலாகத் தெரிந்து, ஒரு வாரத்தில் ஆறிப்போன காயத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

குட்டியாக இருக்கும்போது பூனைச்சளி வந்து ஒரு கண் போய்விட்டது. அடி எதுவும் படவில்லை. இதற்கும் வருமா?

பூனைச்சளியை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸால் கார்னியா புண்ணாகி ஓட்டை விழுந்திருந்தால் லென்ஸும் வெளியே தள்ளப்பட்டு உடைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து அதை உறுதி செய்ய முடியாது. வெள்ளைப் படலம் மூடிய, வடிவம் கெட்ட, பார்வையற்ற கண்ணாக இருந்தால் அடிபட்ட கண்ணைப் போலவே நடத்துங்கள். கண் இயல்பான அளவில் இருந்து, பார்வையும் இருந்து, இமைச் சவ்வு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அதற்கு அகற்றும் பேச்சே தேவையில்லை.

கட்டி வந்துவிட்டதற்கு அறிகுறி என்ன?

பல ஆண்டுகளாக மாறாமல் இருந்த கண் திடீரென்று மாறுவதுதான் முதல் அறிகுறி. சுருங்கியிருந்த கண் பெரிதாகத் தொடங்கும். "கண் தேறி வருகிறது" என்று சிலர் இதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறார்கள். சுருங்கிய கண் தானாக வளராது. வளர்கிறது என்றால் உள்ளே ஏதோ நிரம்புகிறது.

உள்ளே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு திரள் தெரிவது, கண்ணுக்குள் ரத்தம், வெளிப்புறம் சிவந்து நீர் அல்லது பீளை வடிவது, கண் கல் போலக் கெட்டியாவது ஆகியவை மற்ற அறிகுறிகள். பூனை வலியைச் சொல்லாது. ஒளிந்துகொள்வது, சாப்பாட்டைக் குறைப்பது, தலையின் அந்தப் பக்கத்தைத் தொடவிடாமல் இருப்பது, முகம் துடைத்துக்கொள்வதை நிறுத்துவது ஆகியவற்றில் வலி தெரியும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். நல்லாயிருந்த மறு கண்ணின் கண்பாவை விரிந்து நின்று, பூனை பொருள்களில் மோத ஆரம்பித்தால் அன்றே போக வேண்டும். கட்டி பார்வை நரம்பின் வழியாக, இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்தை எட்டியிருக்கலாம்.

வயதான பூனையின் கண் சிவந்தாலே புற்றுநோயா?

இல்லை. கண் அழுத்த நோய், யுவியைட்டிஸ், கண்ணுக்குள் சீழ், லிம்போமா என்ற நிணநீர் உயிரணுப் புற்று எல்லாம் இதேபோலத் தோன்றும். வயதான பூனைகளில் ரத்த அழுத்தம் கூடினாலும் கண்ணுக்குள் ரத்தம் கசியும், விழித்திரை பிரியும். அதனால் முதல் நாளிலேயே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 160க்கு மேல் நின்றால் கவனிக்க வேண்டும். 180ஐத் தாண்டினால் கண்ணும் சிறுநீரகமும் கெடும் ஆபத்து அதிகம்.

அடிபடாத கண்ணின் நிறப்பகுதியில் பழுப்புப் புள்ளி தோன்றி மாதக்கணக்கில் மெல்லப் பரவுகிறது என்றால் அது மெலனோமாவாக இருக்கலாம். அதன் போக்கும் வேகமும் வேறு.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

இரண்டு கண்ணையும் விளக்கிலும் பிளவு ஒளிக் கருவியிலும் பார்ப்பார்கள். கண் அழுத்தம் அளப்பார்கள். பூனைக்கு 10 முதல் 25 வரை இயல்பு. வெளிச்சம் பட்டதும் மறு கண்ணின் பாவை சுருங்குகிறதா, கையை வேகமாக முகத்தருகே கொண்டுபோனால் இமைக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அறுவைக்கு முன் இருந்த நிலை பதிவாகியிருந்தால்தான் பின்னால் ஏற்படும் மாற்றம் புரியும்.

அடுத்தது கண்ணின் அல்ட்ராசவுண்ட். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைக் கருவி வேண்டும். வயிறு பார்க்கும் கருவியில் கண்ணின் உட்சுவர் தெளிவாகத் தெரியாது. இந்தக் கட்டி ஒரு உருண்டையாக நடுவில் நிற்பதைவிடக் கண்ணின் உட்சுவரை வளையமாகப் போர்த்திக்கொண்டு வளர்வதே அதிகம். ஆரம்பத்தில் அது வெறும் தடித்த சுவராகத் தெரிந்து ஏமாற்றும். சுருங்கிய பழைய கண்களில் சுண்ணாம்பும் எலும்பும்கூடப் படிந்திருக்கும்; அவற்றின் நிழல் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கட்டி என்ற சந்தேகம் வலுத்தால் தாடைக்கடியில் உள்ள நிணநீர்க் கணுவை ஊசியில் எடுத்துப் பார்ப்பதும், மார்பை மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பதும் அடுத்தவை. கண்ணுக்கு வெளியே போயிருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்பதற்கு சிடி அல்லது எம்ஆர்ஐ. வசதி இருந்தால் அறுவைக்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கண்ணுக்குள் ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் போதாதா?

பெரும்பாலும் போதாது. எடுக்கும் துளியில் அழற்சி உயிரணுக்களும் ரத்தமும் மட்டுமே வந்து "புற்று இல்லை" என்ற பொய்யான நிம்மதியைத் தரலாம். பார்வையே இல்லாத கண்ணாக இருந்தால், முழுக் கண்ணையும் அகற்றிப் பரிசோதிப்பதே ஒரே நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் ஆகிறது.

பார்வை இல்லை, ஆனால் வலியும் இல்லை. கட்டியும் வரவில்லை. இப்போதே கண்ணை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தேவையா?

தேவை என்பதே எங்கள் கருத்து. கண் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்வதும் இதுதான். அடிபட்டு, பார்வை முழுதும் போய், சுருங்கிய பூனைக் கண்ணை அகற்றிவிட வேண்டும்.

அந்தக் கண்ணை வைத்திருப்பதால் பூனைக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. வலி இல்லை என்று நமக்குத் தோன்றுவதும் பல நேரம் உண்மையில்லை. நாட்பட்ட அழற்சி உள்ள கண்ணை எடுத்த பிறகு பூனை மறுபடி விளையாட ஆரம்பிப்பதைப் பார்த்துத்தான் அது வலித்துக்கொண்டிருந்தது உரிமையாளருக்குத் தெரியவருகிறது. கட்டி வந்த பிறகு எடுப்பதற்கும் வருமுன் எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கட்டி இல்லாத கண்ணை எடுப்பது நாள் குறித்துச் செய்யும் சாதாரண அறுவை. கட்டி வந்த கண்ணை எடுக்கும்போது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அறிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது.

மூன்று வயதுப் பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் பன்னிரண்டு வயதுப் பூனைக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. இதையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்வை மிச்சமிருக்கும் கண் என்றால் அவசரப்பட வேண்டாம். அழற்சியை அடக்கி, தொடர்ந்து கண்காணிக்கலாம்.

இதய நோயால் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிறார்கள். எப்படிக் கண்காணிப்பது?

மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகக் கைபேசியில் இரண்டு படம் எடுங்கள். தேதியோடு ஒரே கோப்புறையில் வைத்து, புதிய படத்தை முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதத்துப் படத்தோடு ஒப்பிட்டால் மெதுவான மாற்றம் கண்ணில் படாது. அளவு, நிறம், இமை மூடும் விதம், கசிவு இவற்றைப் பாருங்கள். 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும், முடிந்தால் அல்ட்ராசவுண்டோடு. இந்தக் கண்காணிப்பு அதன் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். ஐந்து ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் நிறுத்தக் கூடாது.

கண்ணை அகற்றும் அறுவை எப்படி நடக்கும்?

முன்னதாக ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை பார்க்கப்படும். வயதான பூனை என்றால் தைராய்டும் ரத்த அழுத்தமும் சேரும். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை மருத்துவர் சொல்வார். தண்ணீரைப் பொதுவாக நெடுநேரம் நிறுத்துவதில்லை.

கட்டி என்ற சந்தேகம் உள்ள கண்ணுக்கு இமைகளைத் தைத்து மூடி, இமை ஓரத்துக்கு சில மில்லிமீட்டர் வெளியே சுற்றி வெட்டி, கண், சவ்வு, மூன்றாம் இமை, கண்ணீர்ச் சுரப்பி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக எடுக்கும் முறை நல்லது. கண்ணின் மேற்பரப்பு கத்தியில் படாமலே வெளியே வரும். சவ்வின் துண்டோ சுரப்பியோ உள்ளே தங்கிவிட்டால் மாதங்கள் கழித்துத் தைத்த இடத்தில் நீர்க்கட்டி உருவாகும். அதைக் கட்டி திரும்பிவிட்டது என்று நினைத்துக் கலங்குபவர்கள் உண்டு.

கட்டி நரம்பு வழியாகப் பின்னோக்கிப் போவதால் பார்வை நரம்பை முடிந்த அளவு நீளமாக எடுக்க வேண்டும். ஆனால் பூனையின் பார்வை நரம்பு குட்டையானது. கண்ணை முன்னால் இழுத்தால் அந்த இழுப்பு இரு நரம்புகளும் சேரும் இடத்தைத் தாக்கி, நல்ல கண்ணின் பார்வையையும் பறித்துவிடும். இழுக்காமல், சுழற்றாமல், ஆழத்தில் போய் வெட்டுவதற்குப் பழக்கம் வேண்டும். நாய்களில் நூறு கண் எடுத்தவருக்கும் பூனையில் இந்த எச்சரிக்கை தேவை. "பூனையின் நரம்பை இழுக்காமல் எடுப்பீர்களா?" என்று அறுவைக்கு முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கட்டி கண்ணின் வெள்ளைச் சுவரைத் தாண்டியிருந்தால் கண்குழியில் உள்ள தசை, கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க நேரும்.

செயற்கைக் கண் வைக்கலாமா? அல்லது ஊசி போட்டே கண்ணைச் செயலிழக்கச் செய்யலாமா?

இரண்டும் பூனைக்கு வேண்டாம். கண்ணின் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு சிலிகான் பந்து வைக்கும் முறையில் கண்ணின் சுவர் அப்படியே இருக்கிறது. மிச்சமிருக்கும் உயிரணுக்களிலிருந்து கட்டி வந்த பூனைகள் பதிவாகியுள்ளன. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள் செலுத்திக் குருட்டுக் கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் மலிவான வழியை நாய்களுக்குச் சிலர் செய்கிறார்கள். பூனையில் அது நாட்பட்ட அழற்சியை உண்டாக்கி, நாம் எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதற்கே வழி செய்கிறது.

எடுத்த கண்ணை என்ன செய்ய வேண்டும்?

திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வருமுன் எடுத்த கண்ணாக இருந்தாலும் அனுப்புங்கள்; வெளியில் தெரியாத தொடக்கக் கட்டி அதில் இருக்கலாம்.

கண்ணைச் சுற்றியுள்ள சதையை நீக்கிவிட்டு (கட்டி வெளியே வந்திருந்தால் நீக்கக் கூடாது), 10% ஃபார்மலினில், கண்ணின் கொள்ளளவைப் போல 10 மடங்கு திரவத்தில் போட வேண்டும். பூனையின் கண் ஏறக்குறைய 5 மில்லி, அதனால் 50 மில்லிக்குக் குறையாமல், அகன்ற வாய் உள்ள டப்பாவில். உறைபெட்டியில் வைக்கக் கூடாது; உறைந்தால் உயிரணுக்கள் உடைந்து திசு பயனற்றுப்போகும். கத்தியால் பிளந்து உள்ளே பார்க்கவும் கூடாது. நரம்பின் வெட்டு முனையை மையாலோ ஒரு தையலாலோ அடையாளமிட்டால்தான் அந்த முனையில் கட்டி இருக்கிறதா என்று ஆய்வகம் சொல்ல முடியும். பூனையின் வயது, பழைய காயம் எப்போது, எப்படி என்ற விவரத்தைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயம். எந்த வகை, வெள்ளைச் சுவரைத் தாண்டியிருக்கிறதா, நரம்பின் வெட்டு முனை சுத்தமாக இருக்கிறதா.

வகைகளில் கதிர் வடிவ உயிரணுக் கட்டிதான் பெரும்பான்மை. அடுத்தது லிம்போமாவை ஒத்த வட்ட உயிரணு வகை. எலும்பும் குருத்தெலும்பும் உருவாக்கும் வகை மிகக் குறைவு. வகையைவிடப் பரவலே பூனையின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிக்கிறது. கட்டி கண்ணுக்குள்ளேயே அடங்கி, நரம்பு முனை சுத்தமாக இருந்தால் அந்த அறுவையே முழுத் தீர்வாக அமையலாம். சுவரைத் தாண்டியோ நரம்புக்குள்ளோ போயிருந்தால் கண்குழியில் மறுபடி வளர்ந்து மூளை நோக்கிப் போகும் ஆபத்து அதிகம், பல பூனைகள் மாதக்கணக்கில்தான் தாக்குப்பிடிக்கின்றன. நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் பரவுவதும் உண்டு, ஆனால் உள்ளூரில் மறுபடி வளர்வதே முதன்மையான அபாயம்.

கீமோதெரபி, கதிர்வீச்சு பயன்படுமா?

நிரூபணமான மருந்துத் திட்டம் எதுவும் இதற்கு இல்லை. வட்ட உயிரணு வகைக்கு லிம்போமா மருந்துகளை முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. கால்நடைப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசுங்கள். மஞ்சள், மூலிகைச் சொட்டு என்று கண்ணில் எதையும் விட்டு நாள் கடத்தாதீர்கள்.

அறுவைக்குப் பின் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கூம்புக் காலர் 10 முதல் 14 நாள், தையல் பிரிக்கும்வரை கழற்றக் கூடாது. பாவம் என்று அரை மணி நேரம் கழற்றிவிட்டால் பின்னங்கால் நகம் ஒரு நொடியில் தையலைப் பிரித்துவிடும். சாப்பிடத் தடையாக இருந்தால் காலரின் விளிம்பைவிடக் குறுகலான தட்டை ஒரு சிறு டப்பாவின் மேல் உயர்த்தி வையுங்கள்.

முதல் மூன்று நாள் வீக்கமும் கன்றிய நிறமும் இருக்கும். மூக்கின் அதே பக்கத்துத் துளையில் ரத்தம் கலந்த நீர் இரண்டு, மூன்று நாள் வரலாம். கண்ணீர்க் குழாய் மூக்கில் திறப்பதால் வருவது அது, பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தாலோ, வீக்கம் நான்காம் நாளுக்குப் பின் கூடினாலோ, நாற்றத்தோடு சீழ் வந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மலப்பெட்டியில் சில நாள் மண்ணுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாள் போடுங்கள். நுண்தூள் தையலில் படக் கூடாது. அன்று மாலையே வாசனையுள்ள ஈரமான உணவை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொடுக்கலாம். 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும், பருத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வலி மருந்தை மருத்துவர் எழுதியபடி மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கவே கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும்.

கட்டி இருந்தது என்று அறிக்கை வந்தால் அதன் பிறகு?

முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். ஆறிய கண்குழி உள்வாங்கியிருக்கும். அந்தக் குழி நிரம்பி மேடாவது, தும்மலில் ரத்தம், வாய் திறக்க வலி, நல்ல கண்ணின் பார்வை மங்குவது, வட்டமாகச் சுற்றுவது, வலிப்பு இவையெல்லாம் கட்டி திரும்பியதற்கான அடையாளம்.

அப்படித் திரும்பிவிட்டால், அல்லது முதலிலேயே மிகத் தாமதமாகக் கண்டுபிடித்தால், வலியை அடக்குவதே சிகிச்சை. புப்ரெனார்ஃபின், கேபபென்டின் போன்றவற்றை மருத்துவர் தருவார். சாப்பிடாமல், ஒளிந்தே கிடந்து, மருந்துக்கும் வலி அடங்காத நிலை வந்தால் அமைதியாக முடித்துவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் வேதனைப்படுவது பூனைதான்.

இன்றுதான் கண்ணில் அடிபட்டது. பின்னால் கட்டி வராமலிருக்க இப்போது என்ன செய்வது?

அன்றே மருத்துவரிடம் போங்கள். குத்தியிருக்கும் முள்ளைப் பிடுங்காதீர்கள்; கண்ணைத் திறந்து கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். ஓட்டை விழுந்த கண்ணில் களிம்பு வைக்கக் கூடாது, அதன் எண்ணெய் உள்ளே புகும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் கலந்த சொட்டுகளை மருந்துக்கடையில் வாங்கி விடவே வேண்டாம். புண்ணுள்ள கார்னியாவை அவை கரைத்துவிடும். காலர் மாட்டி, கூண்டை துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள்.

"லென்ஸ் உறை கிழிந்திருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். சிறு கிழிசல் மருந்திலேயே அடங்கலாம். கிழிசல் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் லென்ஸை முன்கூட்டியே எடுப்பதைப் பற்றிக் கண் நிபுணர் யோசிப்பார். நகத்தோடு உள்ளே போன கிருமி லென்ஸுக்குள் அடைபட்டு, வாரங்கள் கழித்து, மேல்காயம் ஆறிய பிறகும் கண்ணைச் சீழாக்குவது உண்டு. அதனால் காயம் ஆறியதும் வருகையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கண்ணோடு பூனை சமாளிக்குமா?

நன்றாகவே சமாளிக்கும். எடுத்தது ஏற்கெனவே பார்வை இல்லாத கண். சில நாள் குதிக்கும் தூரத்தை அளந்து தயங்கும், அவ்வளவுதான். கண் இல்லாத பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் போய்த் தூக்காதீர்கள். தெருவில் திரியவிடாமல் வீட்டுக்குள் வளர்த்தால் மிச்சமிருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்பு.

நாய்க்கும் இது வருமா?

நாயில் மிக மிக அரிது. முயல்களில் இதை ஒத்த கட்டிகள் பதிவாகியுள்ளன.

எங்கே காட்டுவது, என்ன எடுத்துப்போக வேண்டும்?

கண் அறுவையில் பழக்கமுள்ள மருத்துவர் அருகில் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம்: தமிழகத்தில் சென்னை வேப்பேரி, நாமக்கல், இலங்கையில் பேராதனை. காயம் பட்ட காலத்துப் படங்கள் ஏதாவது கைபேசியில் இருந்தால் தேடி எடுங்கள். கண் இதற்கு முன் எந்த அளவில் இருந்தது என்று காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை. பழைய மருந்துச் சீட்டுகள், விட்ட சொட்டு மருந்துகளின் பெயர், தடுப்பூசி அட்டை, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது என்ற குறிப்பு, மாற்றத்தை முதலில் கவனித்த தேதி இவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.